குழந்தைகளின் வறுமையும் ஊராட்சியின் பொறுப்பும்

(மதுரை மாவட்டம், திருப்பரங்குன்றம் ஊராட்சி ஒன்றியத்தில் ஊராட்சிப் பிரதிநிதிகளும் உழவர்களும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



இத்தகைய கூட்டங்களில் நாங்கள் பேச எழுந்தால் சாலை, கண்மாய், குடிநீர்த் தொட்டி, தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றியே பேசுவோம் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பு. நிலையூர்க் கண்மாயின் மடை முதல் வலையங்குளத்துத் தெருச் சாலை வரையில் உங்கள் கைகளில் இன்றும் மனுக்கள் இருப்பதை அறிவோம். அவற்றை மாலையில் பெற்றுக்கொள்வோம். இப்பொழுது எடுத்துக்கொண்ட பொருள் மனுக் கொடுக்க இயலாதவர்களைப் பற்றியது. வாக்குரிமை இல்லாதவர்களைப் பற்றியது. நம் ஊர்க் குழந்தைகளின் வறுமையையும், அதைக் குறைப்பதில் அரசாங்க உதவிகள் ஆற்றிய பங்கையும், அவ்வுதவிகள் எந்த இடத்தில் வந்து தடைப்பட்டு நின்றுவிடுகின்றன என்பதையும் இன்று சிறிது ஆராய்வோம்.

வறுமை என்றால் குடும்பத் தலைவரின் கையில் பணமில்லாமை என்று பொதுவாகக் கொள்கிறோம். பெரியவர்களைப் பொறுத்தவரையில் அது சரியே. இந்தப் போகம் தவறினால் அடுத்த போகத்தில் கடனைத் தீர்க்கலாம். இந்த ஆண்டு கூரை வேயாவிட்டால் அடுத்த ஆண்டு வேயலாம். குழந்தையின் கணக்கு அவ்வாறன்று. நெல் தூர் கட்டும் பருவத்தில் தண்ணீர் தவறிவிட்டால், கதிர் வாங்கும் பருவத்தில் எவ்வளவு பாய்ச்சினாலும் கட்டாத தூர் கட்டுவதில்லை. இதை உங்களுக்கு நாங்கள் சொல்லித் தரவேண்டியதில்லை. தாயின் வயிற்றில் கரு உண்டானது முதல் இரண்டு வயது நிறையும் வரையுள்ள ஏறத்தாழ ஆயிரம் நாட்களே மனிதப் பயிருக்குத் தூர் கட்டும் பருவம் என்று மருத்துவ அறிஞர்கள் கூறுகிறார்கள். மூளையின் வளர்ச்சியில் பெரும்பகுதி அக்காலத்தில் நிகழ்கிறது. அப்பொழுது வயிறு வாடிய பிள்ளைக்குப் பத்து வயதில் விருந்து படைத்தாலும், வயதுக்குரிய உயரத்தை முழுமையாகத் திரும்பப் பெறுதல் அரிது.

ஆகவே, தகப்பனாரின் வருமானம் உயரட்டும், பிள்ளையின் நிலை தானே உயரும் என்று காத்திருப்பது பயனற்றது. வருமானம் உயரத்தான் வேண்டும். அதற்கான திட்டங்கள் தனியே உள்ளன. ஆனால் அது உயர்ந்து வருவதற்குள் பிள்ளைப் பருவம் முடிந்துவிடும்.

நம் பகுதியின் தொழிலையே எடுத்துக்கொள்வோம். மதுரை மல்லிகைக்கு 2013-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது நம் அனைவர்க்கும் பெருமை. அம்மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே பறித்து, வெயில் ஏறுமுன் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குச் சேர்த்துவிட வேண்டும். எனவே, பூப் பறிக்கும் பெண்கள் இருள் பிரியுமுன்பே கொல்லைக்குப் போகிறார்கள். அவர்கள் திரும்புவதற்குள் பள்ளி மணி அடித்துவிடுகிறது. முன்னாள் இரவின் பழையது மீந்திருந்தால் பிள்ளை அதை உண்டு செல்லும். மீந்திராவிட்டால் வெறும் வயிற்றோடு செல்லும். தாயின் அன்பிலோ உழைப்பிலோ இங்குக் குறை ஒன்றும் இல்லை. உழைக்கும் நேரமும் உலை வைக்கும் நேரமும் ஒன்றாக வாய்த்ததுதான் குறை. பூ விலை தை மாதத்தில் எட்டாத உயரத்துக்கு ஏறுவதும் உண்மையே. ஆனால் பனிக்காலத்தில் விளைச்சல் குன்றுவதால்தான் அவ்விலை ஏறுகிறது. எடைக்குக் கூலி பெறுபவருக்கு அம்மாதத்தில் கூலியும் குன்றிவிடுகிறது.

இந்நிலையில் வீட்டின் வருமானத்தைக் கேளாமல், குழந்தையிருக்கும் இடத்துக்கே உணவைக் கொண்டு சேர்ப்பதென்ற வழியை நம் மாநிலம் கண்டது. 1920-ம் ஆண்டில், சர் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியொன்றில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் செலவிடலாம் என்பது நிபந்தனை. தொடக்கம் அவ்வளவு சிறியது.

பின்னர் 1956-ம் ஆண்டில் பெருந்தலைவர் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது பள்ளி மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவியது. பொதுக் கல்வி இயக்குநராக இருந்த திரு. நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் ஊர் ஊராகச் சென்று மக்களைத் திரட்டினார்கள். ஊராட்சிப் பிரதிநிதிகளாகிய நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதலில் அது அரசாங்க உலையன்று; ஊரார் ஏற்றிய உலை. அரிசி கொடுத்தவர், விறகு கொடுத்தவர், காய்கறி கொடுத்தவர், பாத்திரம் கொடுத்தவர் எனப் பலரும் பங்கு கொண்டனர். அரசாங்க மானியம் அதன்பின் சேர்ந்தது. 1961 முதல் கேர் நிறுவனத்தின் உணவுப் பொருள்களும் வந்தன. 1958-ல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்கள் மனமுவந்து அளித்த பலகைகளும் சீருடைகளும் கட்டிடங்களும் கொஞ்சமல்ல. இவற்றை நேரில் கண்ட முதியவர்கள் இந்த முகாமிலும் ஓரிருவர் இருக்கக்கூடும்.

எனினும் அத்திட்டத்துக்கு ஓர் எல்லை இருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் உணவில்லை. ஏழை என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்க்கே உணவு. நன்கொடை கொடுக்க வல்ல ஊரில் திட்டம் செழித்தது. எல்லோரும் ஏழையாக உள்ள ஊரில், அதாவது எங்கே மிகவும் வேண்டுமோ அங்கே, கொடுப்பவர் எவர்? மேலும், தேர்ந்தெடுத்தல் என்று வந்தாலே, 'இவன் இலவசச் சோறு உண்பவன்' என்ற பெயர் பிள்ளையின் நெற்றியில் ஒட்டிக்கொள்கிறது. மானமுள்ள பிள்ளைகள் பசித்திருந்தும் எழுந்து போய்விடுவார்கள்.

1982 சூலை 1-ம் நாள், முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் அவர்கள் திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தபோது, அவ்வெல்லை பெரிதும் நீங்கியது. இரண்டு வயது முதல் பள்ளிக்கு வராத சிறு குழந்தைகளும் குழந்தைகள் நல மையங்களின் வாயிலாகச் சேர்க்கப்பட்டனர். முதலில் கிராமங்களில் தொடங்கி, அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984-ல் உயர் வகுப்புப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. அரசாங்கக் கருவூலம் திவாலாகிவிடும் என்று அக்காலத்தில் கூறாத அறிஞர் குறைவு. கருவூலம் திவாலாகவில்லை. 1989-ல் இருவாரத்துக்கு ஒன்றாகத் தொடங்கிய முட்டை, காலப்போக்கில் பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒன்றாயிற்று. 2001 நவம்பர் 28-ம் நாள் உச்ச நீதிமன்றம், சமைத்த மதிய உணவை நாடெங்கும் உள்ள தொடக்கப் பள்ளிகளில் வழங்கவேண்டும் என்று மாநிலங்களுக்கு ஆணையிட்டது. நம் மாநிலத்தின் வழக்கம் நாட்டின் கடமையாயிற்று.

நண்பகலுக்கு முந்திய பசி மட்டும் எஞ்சியிருந்தது. பூக்கொல்லைத் தாயின் பிள்ளையைப் பற்றிச் சற்று முன் கூறினோமே, அப்பசிதான். 2022 செப்டம்பர் 15-ம் நாள் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நம் மதுரை நகரிலேதான் தொடங்கப்பெற்றது. முதற்கட்டத்தில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகள். ஏறத்தாழ 1,14,000 பிள்ளைகள். 2023 ஆகஸ்டு 25-ல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 சூலை 15-ல் ஊரகத்து அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என முறைவைத்து, மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த தாய்மார்களே சமைக்கும் ஏற்பாடு அது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் செல்வதற்கில்லை. 2023-ம் ஆண்டில் தென்மாவட்டங்களில் ஓரிரு ஊர்களில், சமைப்பவர் இன்ன சாதியினர் என்று கூறிப் பெற்றோர் பிள்ளைகளைக் காலை உணவு உண்ணவிடாமல் தடுத்த செய்தி வந்தது. அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் சென்று பிள்ளைகளுடன் அமர்ந்து உண்ட பின்னரே அது தீர்ந்தது. நம் ஒன்றியத்தில் அத்தகைய பேச்சு எழுந்தால் எங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அன்று காலை எட்டு மணிக்கு ஊராட்சித் தலைவரே பள்ளிக்குச் சென்று முதல் வரிசையில் அமர்ந்து உண்ணட்டும். அது போதும்.

பள்ளி வயதுப் பிள்ளைக்கு இவ்வாறு இரு வேளை உணவுக்கு வழி செய்யப்பட்டது. ஆனால், தூர் கட்டும் பருவம் என்று நாம் கூறியது அதற்கு முந்தியதாயிற்றே! அந்தப் பருவத்துக் குழந்தை பள்ளியிலும் இல்லை, மையத்துக்குத் தானே நடந்து வருவதுமில்லை. வீட்டுக்குள் தூளியில் கிடக்கிறது. அதைச் சென்று காண்பது எப்படி?

இதற்கு விடை கண்ட இடமும் நம் மாவட்டமே என்பது பலருக்கும் நினைவிராது. 1980-ம் ஆண்டில் உலக வங்கியின் உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வகுக்கப்பட்டபோது, அதன் சோதனைக் களமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது மேலூருக்கு வடக்கேயுள்ள கொட்டாம்பட்டி ஒன்றியம். வானம் பார்த்த பூமி. கல்லும் கரடும் மிகுந்த பகுதி. அங்கே செய்த காரியம் பார்வைக்கு எளியது. ஊருக்கு ஒரு பெண் ஊழியர். அவரும் அவ்வூர்த் தாய்மாருள் ஒருவர். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் தராசில் நிறுத்து, எடையை அட்டையில் புள்ளியிட்டுக் கோடாக வரைவார். கோடு மேலே ஏறினால் தாய்க்குப் பாராட்டு. கோடு படுத்தாலோ இறங்கினாலோ, அக்குழந்தைக்கு உடனே துணையுணவு. சுமார் மூன்று மாதம் கொடுத்து எடை தேறியவுடன் நிறுத்திவிட்டு, தாய்க்கு வீட்டு உணவைப் பற்றி அறிவுரை கூறுவார். மீண்டும் இறங்கினால் மீண்டும் கொடுப்பார்.

கடன் வாங்கிய உழவர் தவணை தவறிய பின் வட்டி கணக்கிடுவது ஒரு முறை. பயிரின் நிறம் மாறும்போதே உரமிடுவது இன்னொரு முறை. கொட்டாம்பட்டியில் பின்பற்றியது இரண்டாவது முறை. குழந்தை மெலிந்து எலும்பு தோன்றிய பிறகு மருத்துவரைத் தேடாமல், எடை ஏறாத முதல் மாதத்திலேயே கண்டுபிடித்தார்கள். அங்கிருந்து திட்டம் வேறு மாவட்டங்களுக்கும் பரவியது. திட்டப் பகுதிகளில் கடுமையான ஊட்டக்குறை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையில் குறைந்ததாக மதிப்பீடுகள் கூறின. வெளிநாட்டு அறிஞர்கள் பலர் அதைப் பற்றி நூல்களில் எழுதினார்கள். இரண்டாம் கட்டமும் 1990-களில் முடிந்து, அப்பணி அங்கன்வாடி மையங்களோடு இணைந்துவிட்டது. எடை பார்க்கும் வழக்கம் அங்கே இன்றும் உண்டு. அக்கோட்டைப் பார்த்து உடனே செயற்படும் வேகம் எல்லா ஊர்களிலும் உண்டா என்பதை நீங்களே சென்று பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு அங்கன்வாடியில் தரும் சத்துமாவு வீட்டில் யாருடைய வாய்க்குப் போகிறது என்பதையும் விசாரியுங்கள். கறவை மாட்டுக்கு அது நன்றாக ஒத்துக்கொள்கிறது என்று ஓர் அன்பர் எங்களிடமே மகிழ்ச்சியுடன் கூறினார். மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் இருக்கின்றன. அதை மாட்டுக்கு விட்டுவிடுங்கள், மாவைப் பிள்ளைக்கு விட்டுவிடுங்கள்.

இவற்றின் பயனாக இன்று நாம் எங்கே நிற்கிறோம்? நிதி ஆயோக் 2023-ல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் கணக்கின்படி, 2019-21-ல் இந்திய மக்களில் 14.96 விழுக்காட்டினர் வறியவர், தமிழ்நாட்டில் 2.20 விழுக்காட்டினர். உணவு, பள்ளி, குடிநீர், கழிப்பிடம், மின்சாரம் முதலியவற்றைச் சேர்த்துப் பார்க்கும் கணக்கு அது. இதைக் கேட்டு மார்தட்டிக்கொள்ளலாம். ஆனால் அதே ஆண்டுகளில் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுக் குழந்தைகளில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ளவர்களில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதாவது, நூற்றில் இரண்டு பேர்தான் வறியவர் என்று ஒரு கணக்குக் கூறும் மாநிலத்தில், நான்கில் ஒரு குழந்தை வளர்ச்சி குன்றியிருக்கிறது என்று இன்னொரு கணக்குக் கூறுகிறது. முன்னது வீட்டை அளந்தது. பின்னது குழந்தையை அளந்தது. ஓட்டு வீடும் மின்விளக்கும் கைப்பேசியும் உள்ள வீட்டிலும் பிள்ளை வறுமையில் இருக்கக்கூடும் என்பதே இதன் பொருள்.

இனி, ஊர்க்கூட்டங்களில் அடிக்கடி எழும் ஐயங்களுக்கு வருவோம். "அரசாங்கமே சோறும் பணமும் கொடுத்தால் மக்கள் சோம்பேறிகளாகிவிட மாட்டார்களா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். உழைப்பை மதிக்கும் சமூகத்தில் இக்கேள்வி எழுவது நியாயமே. ஆனால் ஏழு வயதுப் பிள்ளை உண்ணும் பொங்கலால் எவர் சோம்பேறியானார்? பூப் பறிக்கும் தாய் இன்னும் இருளிலேதான் எழுந்து போகிறாள்.

பணவுதவியைப் பற்றி அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறோம். செல்வ நாடாயினும் அங்கும் ஏழைக் குழந்தைகள் உண்டு. கொரோனாத் தொற்றின்போது, 2021-ம் ஆண்டில், குழந்தையுள்ள குடும்பங்களுக்கான வரிச் சலுகையை அந்நாடு விரிவாக்கி, வரி செலுத்தும் அளவுக்கு வருமானமில்லாத குடும்பங்களுக்கும் முழுத் தொகை கிடைக்குமாறு செய்தது. அதில் ஒரு பகுதியை மாதந்தோறும் பெற்றோர் கணக்குக்கே அனுப்பியது. அந்நாட்டு அரசாங்கத்தின் மக்கள்தொகைத் துறை, உதவித் தொகைகளையும் சேர்த்துக் கணக்கிடும் முறையில், 2020-ல் 9.7 விழுக்காடாக இருந்த குழந்தை வறுமை 2021-ல் 5.2 விழுக்காடாக இறங்கியது. அவ்வாண்டு இறுதியுடன் அந்த விரிவாக்கம் முடிவுற்றது. 2022-ல் வறுமை 12.4 விழுக்காடாக ஏறியது. விலைவாசி ஏற்றமும் பிற உதவிகள் நின்றதும் அதற்குத் துணைக் காரணங்கள். ஆயினும் அந்த ஓராண்டில் பெற்றோரின் குணம் மாறிவிட்டது என்றோ, அவர்கள் திடீரென்று சோம்பேறிகளாயினர் என்றோ கூறுவாருண்டா? மடையைத் திறந்தபோது வயல் நனைந்தது, அடைத்தபோது காய்ந்தது.

"பணமாகக் கொடுத்தால் டாஸ்மாக் கடைக்குத்தானே போகும்?" என்பது அடுத்த ஐயம். இது தாய்மார்கள் கேட்கும் கேள்வி. வெறும் ஐயமும் அன்று, அனுபவம். இதனால்தான் தொகை யார் கைக்குப் போகிறது என்பது முக்கியமாகிறது. 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கப்பெற்ற மகளிர் உரிமைத் தொகை, குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்குக்கே மாதம் 1,000 ரூபாய் செல்லும்படி வகுக்கப்பட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும் தாய்க்கே உரியது. 2006-ல் 6,000 ரூபாயாக இருந்து, 2011-ல் 12,000 ஆகி, பின்னர் ஊட்டச்சத்துப் பெட்டகங்களின் மதிப்பையும் சேர்த்து 18,000 ஆயிற்று. கருவுற்ற தொடக்கத்திலேயே கிராமச் செவிலியரிடம் பதிந்துகொள்ளும் தாய்க்கே இது தவணை தவறாமல் சேரும். ஆயிரம் நாள் என்று கூறினோமே, அதன் முதல் நாளில் பதிய வேண்டியது இது.

இப்பொழுது இவ்வுரையின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இதுவரை கூறிய உதவிகள் இருவகையின. ஒன்று, தானே பிள்ளையைத் தேடி வருவது. பள்ளியில் தட்டை நீட்டினால் சோறு விழும், சான்றிதழ் கேட்பாரில்லை. மற்றொன்று, விண்ணப்பித்துப் பெறுவது. இதற்குப் பிறப்புச் சான்று, இறப்புச் சான்று, குடும்ப அட்டை, வருமானச் சான்று, ஆதார் அட்டை, வங்கிக் கணக்கு, பள்ளிச் சான்று என ஒரு கட்டுத் தாள் வேண்டும். முதல்வகையுதவி ஏழைகளை வெகுவாகச் சென்றடைந்துவிட்டது. இரண்டாம் வகையோ, சற்றே வசதியும் எழுத்தறிவும் உள்ளவரை முதலில் சென்றடைகிறது. மிக வறியவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். எவருக்குத் தாள் இல்லையோ அவரே மிகவும் தேவையுள்ளவராக இருப்பது இதிலுள்ள கொடுமை.

ஓர் எடுத்துக்காட்டு. ஊரின் பெயர் வேண்டாம். கிணறு தூர்வாரும்போது அடிபட்ட தொழிலாளி ஒருவர், சில நாள் வீட்டிலேயே கிடந்து இறந்தார். மனைவியும் இரு பிள்ளைகளும் எஞ்சினர். அடக்கம் நடந்தது, காரியம் நடந்தது, இறப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்று அந்த வீட்டில் எவருக்கும் தோன்றவில்லை. பதிவில்லாததால் இறப்புச் சான்றில்லை. அதனால் விதவைச் சான்றில்லை. அதனால் எந்த உதவியும் இல்லை. அரசாங்கத்தின் ஏடுகளில் அந்தத் தொழிலாளி உயிருடன் இருந்தார், குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டும் இருந்தார். மூன்றாண்டுகள் இவ்வாறு கழிந்தன. மூத்த பையன் ஆறாம் வகுப்பிலிருந்து நின்று, நகரில் ஒரு பாத்திரக் கடையில் வேலைக்குப் போனான். இளைய பெண் மட்டும் பள்ளிக்கு வந்தாள். சோறு இருந்ததால் வந்தாள் என்று அவள் தாயே கூறினார்.

அவ்வூர் வார்டு உறுப்பினர் ஒருவர், அவரும் பெண்மணி, பள்ளியில் நின்றவர் பட்டியலைப் பார்த்துக்கொண்டு வீடுவீடாகச் சென்றபோதுதான் இது வெளிப்பட்டது. காலங்கடந்த இறப்புப் பதிவுக்கு ஆணை பெற்று, சான்றுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பித்தனர். மிஷன் வாத்சல்யா என்னும் திட்டத்தில் நிதி ஆதரவு என்று ஒன்று உண்டு. தந்தையை இழந்து தாயின் பராமரிப்பில் உள்ள பிள்ளைகள், பெற்றோர் இருவரையும் இழந்து உறவினரிடம் வளர்பவர்கள், கொடுநோயுற்ற பெற்றோரின் பிள்ளைகள் முதலியோர்க்கு, 2022-ம் ஆண்டின் வழிகாட்டு நெறிகளின்படி மாதம் 4,000 ரூபாய். ஊரகத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது. பையன் பள்ளிக்குத் திரும்பினான், தன்னைவிட இளைய பிள்ளைகளுடன் அமர்ந்து. கழிந்த மூன்றாண்டுகளுக்கு எதுவும் வரவில்லை. பணமும் வரவில்லை, படிப்பும் வரவில்லை.

இறப்பைப் பதிவு செய்ய அந்தக் குடும்பத்துக்கு இருந்த கால அளவு 21 நாள், கட்டணம் இல்லை. வீட்டில் நிகழ்ந்த இறப்பைக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னால் போதும். சாவு வீட்டார் துக்கத்தில் மறப்பர். மறக்கக்கூடாதவர் வார்டு உறுப்பினர். மாலை போடச் செல்கிறீர்கள்; காரியத்துக்கும் செல்கிறீர்கள். பதினாறாம் நாள் பந்தியில் அமர்வதற்குள் பதிவு ஆயிற்றா என்று ஒரு சொல் கேட்டுவிடுங்கள். நாங்கள் அறிந்தவரையில், ஓர் ஊராட்சி உறுப்பினர் ஒரு குழந்தைக்குச் செய்யக்கூடிய உதவிகளில் இதற்கு இணையானது வேறில்லை. ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்கு 48,000 ரூபாய் அந்த ஒரு தாளில் தொங்குகிறது.

பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டமும் இவ்வாறே. உசிலம்பட்டிப் பக்கத்தில் 1980-களில் பெண் சிசுக்களுக்கு நேர்ந்ததை நாடே கேட்டுத் தலைகுனிந்தது. அதன்பின் 1992-ல் கொண்டுவந்த திட்டம் இது. ஆண் வாரிசின்றி ஒரே பெண்ணோ இரு பெண்களோ உள்ள ஏழைக் குடும்பத்தில் பெண்ணின் பெயரில் வைப்புத் தொகை வைக்கப்படும். குழந்தைக்கு மூன்று வயது முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். மூன்று வயதும் ஒரு நாளும் ஆகி வருபவரைத் திருப்பி அனுப்புவதைத் தவிர அலுவலருக்கு வேறு வழியில்லை. உங்கள் வார்டில் இரண்டரை வயதுப் பெண் குழந்தைகள் எத்தனை பேர்?

இதற்கு விடை சொல்ல வேண்டுமானால் ஒரு பதிவேடு வேண்டும். பெரிய புள்ளிவிவரம் வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு வார்டு உறுப்பினரும் தம் வார்டில் உள்ள கருவுற்ற தாய்மார், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள், தந்தையையோ தாயையோ இழந்த பிள்ளைகள், பள்ளியிலிருந்து நின்ற பிள்ளைகள் ஆகியோரை எழுதி வைக்கட்டும். அங்கன்வாடி ஊழியரிடம் எடை அட்டையையும், தலைமையாசிரியரிடம் வருகைப் பதிவையும் பார்த்து எழுதலாம். செங்கற்சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்போரின் பிள்ளைகளையும் விடக்கூடாது. 'அவர்கள் நம் ஊர்க்காரர் அல்லர், வாக்கும் இங்கில்லை' என்று ஒரு தலைவர் கூறினார். சூளையின் புகை நம் ஊர்க் காற்றில் கலக்கிறது. சூளைப் பிள்ளை நம் ஊர் அங்கன்வாடியில் உண்பதற்கு என்ன தடை? குடும்ப அட்டை வேறு மாவட்டத்தில் இருந்தாலும் அங்கன்வாடியில் சேர்க்கலாம்.

இன்னொன்று. அப்பதிவேட்டைக் கிராம சபையில் பெயர் பெயராக வாசிக்க வேண்டாம். எத்தனை பிள்ளைகள், எத்தனை விண்ணப்பங்கள் நிலுவை, எந்தத் தாளுக்காக நிலுவை என்று எண்ணிக்கையை மட்டும் வாசித்தாற் போதும். 1956-ல் தேர்ந்தெடுத்துச் சோறிட்டபோது மானமுள்ள பிள்ளைக்கு நேர்ந்த கூச்சத்தை நாம் மறுபடியும் உண்டாக்கலாகாது. வீட்டுக்குச் சென்று, தாயிடம் தனியே பேசி, தாள்களை வாங்கி வருவது வேறு. ஊர் நடுவில் ஏழை என்று முழங்குவது வேறு.

கிராம சபை ஆண்டில் ஆறு முறை கூட வேண்டும்: சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் கூட்டத்திலேயே இந்த எண்ணிக்கையைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள். ஆபத்திலுள்ள குழந்தையைப் பற்றிய செய்தியானால் கூட்டம் வரை காத்திராமல் 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் கூறலாம், கட்டணமில்லை.

பதிவேட்டுக்கான மாதிரிப் படிவம் வாசலில் மேசைமேல் வைக்கப்பட்டுள்ளது. வார்டுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். நிதி ஆதரவு விண்ணப்பத்துக்கு வேண்டிய சான்றுகளின் பட்டியல் அதன் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது. தாள் குறையுள்ள குடும்பம் எதுவாயினும் புதன்கிழமை முற்பகலில் ஒன்றிய அலுவலகத்துக்கு அழைத்து வாருங்கள். பேருந்துக் கட்டணத்துக்கும் ஒரு நாள் கூலிக்கும் அஞ்சித்தான் பலர் வருவதில்லை என்பதால், அன்று உறுப்பினரும் உடன் வந்து, ஒரே வருகையில் வேலை முடியுமாறு பார்த்துக்கொள்வது நலம். இனி உங்கள் கண்மாய், சாலை மனுக்களைப் பெற்றுக்கொள்கிறோம்.